வலி நின்ற பிறகு

வலி விட்ட பிறகும் தழும்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. நெஸ்டாவுக்கு அதுதான் உறுத்தியது. மூத்தவனுக்கு நோவு எடுத்தபோது ஒவ்வொரு வலிக்கும் நடுவில் உடம்பு அப்படியே ஓய்ந்துபோகும். இன்றைக்கோ, அவனை எடுக்க வயிற்றைக் கிழித்துத் தைத்த இடத்தில் யாரோ தணலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது.

மூத்தவன் இன்னும் நடக்கவே பழகவில்லை. அடுத்தது பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிறக்கவேண்டும், முன்கூட்டியே வந்து தங்கிவிடு என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். அங்கே போகும் கப்பல் வரவில்லை. வலி முந்திக்கொண்டது. மலைத்தாத் தீவின் இந்தக் கரையில் இருப்பது ஒற்றை அறை கிளினிக்தான். தகரக் கூரையில் விடியலிலிருந்து ஓயாத மழை, ஜன்னல் வழியே கண்டல் மரங்களின் சேற்று நாற்றம், அதற்கு அப்பால் ஒரு படகையும் காயலை விட்டு வெளியே விடாமல் புரளும் கடல்.

"ரேடியோவுல பேசிட்டேன்," என்றாள் நர்ஸ் எஸ்மி. "கடல் அடங்கினதும் படகு அனுப்புறாங்களாம்."

"எப்ப அடங்கும் சிஸ்டர்?"

எஸ்மி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பதித்தாள்.

தலைமாட்டில் புருஷனின் அக்கா சலோமே நெற்றியைத் துடைத்துவிட்டாள். "பயப்படாதடி. சாயங்காலத்துக்குள்ள பிறந்துடும். இலைச்சாறு நல்லா வேலை செய்யுது."

எஸ்மி நிமிர்ந்தாள். "எந்த இலைச்சாறு?"

"வலியைச் சுறுசுறுப்பாக்குறது. என் பிள்ளைங்க எல்லாத்துக்கும் அதுதான். காலையில ரெண்டு சிரட்டை கொடுத்தேன்."

"உன் வயித்துல தையல் இல்ல, சலோமே. இவளுக்கு உள்தையல் பிரிஞ்சுடலாம்."

எஸ்மி குரலை உயர்த்தவில்லை. அதுதான் நெஸ்டாவைப் பயமுறுத்தியது.

அதன் பிறகு இடைவெளியே இல்லை. கூரையின் இரைச்சலும், தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த வாடையும், இரும்புக் கட்டிலின் முனகலும் ஒரே வலிக்குள் சுருண்டுகொண்டன. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கே ஓடினாலும் இந்த வயிறு கூடவே வரும்.

உள்ளே ஏதோ பிய்ந்தது. நனைந்த துணி கிழிகிற மாதிரி.

வலி நின்றது.

முழுசாக நின்றது.

"அப்பாடா," என்றாள் சலோமே. "கொஞ்சம் தூங்கட்டும் சிஸ்டர், பாவம்." பிள்ளை பெறும் அறைக்குள் ஆண்கள் வருவதில்லை; வாசலுக்குப் போய் மழையில் நின்ற தம்பியைக் கூப்பிட்டாள். "ஃபிலிமோன், வலி விட்டுடுச்சு." வெளியே யாரோ ஸ்தோத்திரப் பாட்டை எடுத்தார்கள். ஒவ்வொரு குரலாகச் சேர்ந்துகொண்டது.

எஸ்மி குழலை வைத்தாள். நகர்த்தினாள். மறுபடியும் நகர்த்தினாள்.

"கேக்குதா சிஸ்டர்?" என்றாள் நெஸ்டா.

எஸ்மி அவள் கையை இழுத்துப் பிடித்தாள். நரம்பு தேடி ஊசி குத்தினாள். டிரிப்பை முழுசாகத் திறந்துவிட்டாள். ரேடியோவிடம் ஓடினாள். இரைச்சல் மட்டும் வந்தது.

நெஸ்டாவின் விரல்கள் சில்லிட்டன. காரணமில்லாமல் தோள்பட்டை வலித்தது. கீழே துணியில் ரத்தம் கொஞ்சம்தான். மீதி உள்ளேயே போகிறதா?

தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

வயிறு ஒன்றாக இல்லை. இரண்டு மேடுகள். கீழே ஒன்று, சின்னதாக, கல் மாதிரி; மூத்தவன் பிறந்த பிறகு கருப்பை காலியாகிச் சுருங்கிக் கிடந்ததே, அப்படி. மேலே இன்னொன்று. கோணலாக.

கையை வைத்தாள். தோலுக்கு நேர் அடியில் ஒரு குதிகால். விரல்கள். தனித்தனியாகத் தடவமுடிந்தது.

மெல்ல அழுத்தினாள்.

பாதம் எதிர்த்து உதைக்கவில்லை. அழுத்திய பக்கமே மிதந்து போனது.