அணைத்த பிறகும் ஓடிய மின்சாரம்

"லைட்டை அடைச்சதும் கரண்ட் எங்கம்மா போவும்?"

மகள் எப்போதோ கேட்டது. குமுதா அன்று சிரித்து மழுப்பியிருந்தாள்.

இன்று சிரிப்பு வரவில்லை.

சூலியா தெரு. மாடி அறை. கூட வந்த உதவியாளன் குணாளன் மல்லாந்து கிடந்தான். கண்கள் செருகியிருந்தன!

அவன் பக்கத்தில் கையில் மர முக்காலியோடு வீட்டுக்காரர் ஷேக் அலாவுதீன்...

வாடகை அறைகளில் வீட்டுக்காரர்கள் மாட்டும் தனி மீட்டர்கள் நியாயமாக ஓடுகின்றனவா? அதை ஆராயப் பயனீட்டாளர் சங்கம் ஒன்று சிறு நிதி கொடுத்திருந்தது. மின்னியல் விரிவுரையாளர் குமுதாவின் பொறுப்பு. முதல் புகாரே அலாவுதீன் மேல்தான்.

குமுதா கீழே அந்த அறையின் மெயினை அணைத்துவிட்டுப் படியேறினாள். அதற்குள் அலறல்!

ஓடிவந்து அவன் நெஞ்சை அழுத்தினாள். மெல்ல மூச்சு வந்தது. ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது.

இன்ஸ்பெக்டர் இக்மல் வந்தார். யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்.

மெயினை அணைத்தது தானே என்றாள் குமுதா. ஷாக் அடிக்க வழியே இல்லை. முக்காலியை ஓங்கியவர் இவர்தான்.

அலாவுதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அறையில் குடியிருக்கும் நல்லம்மாளை ஒருமுறை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

இக்மலின் கை விலங்கைத் தொட்டது.

அப்போதுதான்... மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஒரு சிவப்பு வெளிச்சம்! குமுதா நல்லம்மாளிடம் திரும்பினாள்.

"அக்கா, எல்லாத்தையும் அடைக்கச் சொன்னேனே?"

"அடைச்சிட்டேனேம்மா."

"இது?"

"சாமி வெளக்கை யாரும்மா அடைப்பா? வாடகை பாக்கின்னு கரண்டை வெட்டுன மாசத்துல கூட இது எரிஞ்சுச்சு. ஆத்தா செயல்."

குமுதா திரையை விலக்கினாள். விளக்கின் வயர் சுவரைத் துளைத்துக் கீழே இறங்கியது. அலாவுதீனின் சொந்த மீட்டருக்கு!

போன் ஒலித்தது. மருத்துவமனை. குணாளன் கண் விழித்துவிட்டான். வயரில் ஒட்டிக்கொண்ட கையை முக்காலியால் தட்டிவிட்டது வீட்டுக்காரர்தான் என்றானாம்.

இக்மல் விலங்கிலிருந்து கையை எடுத்தார்.

படிக்கட்டில் அலாவுதீன் குரலைத் தாழ்த்தினார்.

"கரண்டை வெட்டுனப்போ அந்த அக்கா ஃபேன் கேக்கல, ஐஸ்பெட்டி கேக்கல. சாமி இருட்டுல இருக்குமேன்னு மட்டும் அழுதாங்க. மனசு கேக்கலலா. நீங்க மெயினை அடைச்சதும் அந்த வயர் ஞாபகம் வந்துச்சு, ஓடியாந்தேன். அக்காகிட்ட சொல்லிடாதம்மா."

"சொல்லல. ஆனா யூனிட்டுக்கு நீங்க கூடுதலாத்தான் வாங்குறீங்க. அதை ரிப்போர்ட்ல எழுதுவேன்."

"எழுதும்மா. நியாயந்தானே."

அவர் உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. அந்தக் கைக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?

வெள்ளிக்கிழமை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அலாவுதீன் தொழுகைக்குப் போனார். நல்லம்மாள் பூக்கடையில்.

படிக்கட்டின் கீழே ஒரு பெண் டார்ச்சைப் பல்லால் கவ்வியபடி வேலை செய்தாள். விளக்கின் பழைய வயர் போனது. புது வயரும் ஷாக் அடித்தால் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்சும் வந்தன. தூசியைத் துடைத்தாள். திரும்பிப் பார்க்காமல் தெருவில் கலந்தாள்.

ஆள் இல்லாத நேரம் பார்த்து வீடு புகுகிறவர்கள் எல்லாம் திருட வருகிறவர்கள்தான் என்று யார் சொன்னது!