பிடி நடந்த எல்லை

மேற்குக் குன்றுகளின் மீது செங்கதிரோன் சாய்ந்துகொண்டிருந்தான். காவிரியின் தென்கரையில், மணல்துறைக் கோட்டையின் மதில்மேல் நின்றிருந்தாள் ஊர்த்தலைவனின் மகள் தில்லைநங்கை. அவளுக்கு அந்தச் செவ்வானம் அழகாகத் தோன்றவில்லை; ஊரை எரிக்கும் தீயாகவே தோன்றியது.

வாசக அன்பர்களே! கொங்கு நாடு எதுவரை என்று அக்காலத்தில் கேட்டால், பேரூர் உண்டு, தாராபுரம் உண்டு, கருவூர் உண்டு என்று மளமளவென்று சொல்வார்கள். கருவூருக்குக் கிழக்கே வந்ததும் தலையைச் சொறிவார்கள். அப்படிச் சொறிய வைத்த ஊர்தான் மணல்துறை. கொங்கு வேந்தனைப் போரில் வென்ற கடம்பரையர், கொங்கின் எல்லைக்குள் இருக்கும் எவர்மீதும் வாள் ஓங்குவதில்லை என்று நாட்டார் முன்னிலையில் சத்தியம் செய்திருந்தார். எல்லைக்கு வெளியே நிற்கும் ஊர் தீக்கிரையாகும். எல்லையை வகுப்பதோ பழைய வழக்கப்படி ஒரு பிடி, அதாவது பெண் யானை. அது நடந்த வழியே எல்லை. பாகன் அங்குசம் ஏந்தக்கூடாது. கதிரவன் மறையுமுன் கடைசிக் கல் நட்டாக வேண்டும்.

மதிலுக்கு மேற்கே ஆலமரத்தடியில் பாதை பிரிந்தது. பிடி ஆற்றுப் பக்கம் திரும்பினால் ஊர் வெளியே; நேரே வந்து ஊரைச் சுற்றினால் உள்ளே. பத்து நாட்களாக ஆற்றுத்துறையிலேயே அதற்குக் கரும்பு போட்டுப் பழக்கியிருந்தார் கடம்பரையர். எத்தனை நேர்மையான மனிதர் பாருங்கள்!

ஆலமரத்தடியில் பிடி நின்றது. துதிக்கை ஆற்றின் பக்கம் நீண்டது. பாகனின் கால்விரல்கள் அதன் காதுக்குப் பின்னே மெல்ல அழுந்தின. பிடி பெருமூச்சு விட்டு நேரே நடந்தது!

மதிலோரமாக அது கடந்தபோது பாகன் நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் சாம்பல். ஆனால் அந்தக் கண்களை அவள் மறக்க முடியுமா? யாருடைய தலையைக் கேட்டு ஓராண்டாகக் கடம்பரையர் படை காடுகளைச் சலித்ததோ, அவளுக்கு மணம் பேசப்பட்ட அவனேதான்!

ஊரைச் சுற்றிவந்து கிழக்கு வாயிலருகே பிடி நின்றது. கல் நடப்பட்டது. கடம்பரையரும் நாட்டாரும் கல்லுக்கு வெளியே சூழ்ந்து நிற்க, ஓலைநாயகர் எழுத்தாணியை எடுத்தார்.

"ஆனையேறி எல்லை காட்டியவன் தன் மெய்ப்பெயரைச் சொல்லவேண்டும். பெயர் பொய்யானால் எல்லையும் பொய்."

'ஐயோ, சொல்லாதீர்கள்!' என்று அவள் உள்ளம் அலறியது. சொல்லாவிட்டால் ஊர் சாம்பல். சொன்னால் அவர் தலை உருளும். படிகளில் தடதடவென்று இறங்கி வாயிலுக்கு ஓடினாள்.

"எழுதுங்கள், ஐயா" என்றான் பாகன் நிதானமாக. "ஆனையேறி எல்லை தெரித்துக் காட்டினேன், கொங்கு வேந்தன் மகன் குலமாணிக்கன்."

உறையிலிருந்து கடம்பரையரின் வாள் சீறி வெளிவந்தது. குலமாணிக்கன் யானையின் மறுபுறம், ஊர்ப்பக்கமாக, சறுக்கிக் குதித்தான். யானையைச் சுற்றிவந்த கடம்பரையரின் கால் கல்லின் அருகே வந்து தயங்கியது. நாட்டார் அனைவரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தில்லைநங்கை வாயிலிலிருந்து கையை நீட்டினாள்.

"வாருங்கள், இளவரசே! கொங்கு நாடு இந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது."