ஆறு புட்டி ஃபிரெய்சா

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு செலெஸ்தீனோ தன் வீட்டு நிலவறைக்குள் இறங்கினார். அடுத்த நிமிடம் அவர் போட்ட கூச்சல் மொன்தரூவோ தேவாலயம் வரை கேட்டது.

காவல் அதிகாரி நிவெஸ் உடனே வந்துவிட்டாள். பதவிப் பெயரைச் சொல்லி 'மரெஷல்லா' என்றுதான் ஊர் அவளை அழைக்கும்.

நிலவறையின் இரு பக்கமும் பரோலோ ஒயின் புட்டிகள். ஜெர்மனியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வாங்கிப் போகும் சரக்கு. ஒன்றுகூடக் குறையவில்லை. கடைக்கோடியில் கம்பிக் கதவு போட்ட ஒரு மாடம். பூட்டு பூட்டியபடியே தொங்கியது. உள்ளே, தூசியில் புட்டிகள் படுத்திருந்த தடம் மட்டும்.

"என்ன போச்சு?"

"ரொமில்தாவோட ஃபிரெய்சா. ஆறு புட்டி."

"பரோலோவை விட்டுட்டு ஃபிரெய்சாவையா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்த மலைப்பக்கம் ஃபிரெய்சா என்ற மலிவு ஒயினை யாரும் திருடமாட்டார்கள். சும்மா கொடுத்தாலே வாங்க யோசிப்பார்கள். பரோலோ திராட்சை பழுக்காத வடக்குச் சரிவில், செலெஸ்தீனோவின் மனைவி ரொமில்தா பிடிவாதமாக வளர்த்த கொடியின் ஒயின் அது. அவள் இறந்து ஐந்து வருடமாகிறது.

"ஊரு முழுக்க அவ சரக்கை இனிப்பா, நுரையாத்தான் குடிச்சிருக்கு," என்றார் செலெஸ்தீனோ. "கடைசி வருஷம் நான் கெஞ்சிக் கேட்டேன்னு, சர்க்கரை துளி மிஞ்சாம நொதிக்க விட்டா. ஆலங்கட்டி மழைக்குத் தப்பினது இந்த ஆறு புட்டிதான். அடைச்ச அன்னிக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு வாய் பார்த்தோம். அடுத்த வாரமே ஆஸ்பத்திரி."

"இது இனிப்பில்லைன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"யார்கிட்ட சொல்ல? அப்புறம் எனக்கு ஏது பேச்சு?"

"சாவி?"

சட்டைக்குள்ளிருந்து கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினார். "இது ஒண்ணுதான்."

"பூட்டு வாங்கினா ரெண்டு சாவி தருவாங்களே?"

"இன்னொண்ணு அவகிட்ட இருந்துச்சு. ஆஸ்பத்திரியில எங்கேயோ தொலைச்சுட்டா."

நிவெஸ் காலி மாடத்தை மறுபடி பார்த்தாள். "ஏன் இத்தனை வருஷமா குடிக்காம வச்சிருந்தீங்க?"

"குடிச்சா தீர்ந்துடுமே, மரெஷல்லா."

அவள் படியேறி வெளியே வந்தாள்.

சனிக்கிழமை மாலை புட்டிகள் இருந்தன. ஞாயிறு, ரொமில்தாவின் நினைவுப் பூசை. அது முடிந்து செலெஸ்தீனோ வீட்டில் சாப்பிட வந்தவர்கள் மூன்றே பேர். சாப்பாடு ஆனதும் செலெஸ்தீனோ கண்ணயர்ந்தார். நடந்தது அப்போதுதான்.

முதல் ஆள் துல்லியோ, செலெஸ்தீனோவின் தம்பி மகன். பரோலோவை வெளிநாட்டுக்கு விற்றுக் கொடுப்பவன்.

"நானா? அந்த இனிப்புத் தண்ணியை எவன் கேக்கிறான்? அந்த மாடத்தைக் காலி பண்ணுங்க பெரியப்பா, நல்ல சரக்கு வைக்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"காலி ஆயிடுச்சே."

"அதுக்காக என்னைப் பாத்தா?"

இரண்டாவது, பக்கத்துத் தோட்டத்துப் பியெரீனோ. விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"மூடியைத் திறந்தா கூரைக்குப் பறக்கும். நுரை பாதி மேசைக்கு, மீதிதான் வாய்க்கு. ரொமில்தா கையால ஊத்தினா குடிச்சிருப்பேன், தாயி. அவளே இல்ல, அப்புறம் அதுக்காகப் பூட்டை உடைப்பேனா?"

"பூட்டு உடையல."

"பாத்தியா, அதுகூட எனக்குத் தெரியல!"

மூன்றாவது, மகள் ஒதில்லா. தோட்டத்தைக் கவனிக்க மாட்டேன் என்று அப்பாவோடு சண்டை போட்டு, எட்டு வருடத்துக்கு முன் தூரின் நகரத்துக்குப் போனவள். பூசைக்கு வந்தாலும் அப்பா வீட்டில் தங்குவதில்லை, சாலையோர விடுதியில்தான். நிவெஸ் போனபோது பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"ஃபிரெய்சா எனக்கு எதுக்குங்க? ஒரு வாய்க்கே நாக்கை இழுத்துப் பிடிக்கும். கடைசியில கசப்பு வேற."

"அம்மா ஞாபகமா இருக்கட்டும்னு தோணலையா?"

"அம்மாவை ஞாபகம் வச்சுக்க எனக்குப் புட்டி வேணாம்."

நிவெஸ் நன்றி சொல்லிப் படியிறங்கினாள். வாசலுக்கு வந்தவள் காரில் ஏறவில்லை. செலெஸ்தீனோவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் வந்ததும் அவரோடு மறுபடி மாடியேறினாள்.

"எடுத்தது உங்க மகள்தான்," என்றாள்.

ஒதில்லா பெட்டியை மூடினாள்.

"துல்லியோ இனிப்புன்னான். பியெரீனோ நுரைன்னார். ஊரே குடிச்சது அதைத்தான். நீ மட்டும் கசப்புன்னு சொன்னே, ஒதில்லா. அம்மா கசப்பா செஞ்சது ஒரே தடவை, நீ வீட்டை விட்டுப் போனதுக்கு அப்புறம். அந்த ருசி உன் நாக்குக்குத் தெரியணும்னா, அந்த ஆறுல ஒண்ணை நீ திறந்திருக்கணும்."

செலெஸ்தீனோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "பூட்டு? சாவி என் கழுத்துலதானே..."

"ரெண்டாவது சாவி தொலையவே இல்ல," என்றாள் நிவெஸ்.

"அம்மா கொடுத்தா," என்றாள் ஒதில்லா.

"எப்ப கொடுத்தா? சாகக் கிடந்தவளை நீ எட்டிக்கூடப் பாக்கலையே!"

"வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னது நீங்க. அம்மா போன் பண்ணி வரச் சொன்னா. வியாழக்கிழமை நீங்க தோட்டத்துக்குப் போவீங்க. ஒவ்வொரு வியாழனும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கடைசி தடவை என் கைக்குள்ள சாவியை வச்சு மூடினா. 'உங்கப்பாவே கூப்பிடுவாரு, ரெண்டு பேரும் சேர்ந்து குடிங்க'ன்னா."

ஒதில்லா அந்தச் சாவியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"வருஷா வருஷம் வந்தேன். சேர்ந்து குடிக்க நீங்க கூப்பிடல. நேத்து பூசை முடிஞ்சதும் பாதிரியார்கிட்ட, அந்த ஆறையும் என் கல்லறையில வச்சுடுங்கன்னு சொன்னீங்க. என் காதுபடச் சொன்னீங்க. அது பரோலோ இல்லப்பா, வருஷக்கணக்கா காத்திருக்காது."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஐந்து புட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள். ஆறாவது ஜன்னலோரம் பாதியாக நின்றது.

செலெஸ்தீனோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். குளியலறைக் கண்ணாடித் தம்ளரில் மகள் ஊற்றியதை வாங்கி மூக்கருகே வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு குடித்தார்.

"ரோஜா வாசம் இருந்துச்சு அப்ப. போயிடுச்சு."

"போயிடுச்சுப்பா."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே திறந்திருக்கணும்."

"ஆமா."

"புகாரை என்ன செய்யட்டும்?" என்று நிவெஸ் மெல்லக் கேட்டாள்.

அவர் காதில் அது விழவில்லை. தம்ளரை மகளிடம் நீட்டி, பக்கத்தில் கையால் தட்டி இடம் காட்டினார்.

"வியாழக்கிழமையில என்ன பேசுவா?" என்றார். "எனக்குத் தெரியாத நாளெல்லாம் உன்கிட்ட இருக்கு. மொத வியாழனிலேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."