தரையில் மூழ்கியவர்

போன் அடித்தது.

பால் அடுப்பில் பொங்கும் நேரம். எடுத்தேன். பெயிண்டர் கோகுல்ராஜ்.

"அக்கா..."

"சொல்லு கோகுலு."

"அண்ணன்... படகுக்குள்ள... தண்ணிக்குள்ள கெடக்கறாருங்க..."

"எந்தத் தண்ணி?"

அழுகைச் சத்தம் மட்டும் வந்தது.

அவன் சொன்ன படகு சங்ககிரியில் எங்கள் லாரி பட்டறைக்குள், டிரெய்லர் மேல் நின்று கொண்டிருந்தது. சுற்றிலும் புழுதி. அங்கிருந்து கடலுக்குப் போக ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும்.

அங்கேதான் என் கணவர் கதிர்வேல் மூழ்கி இறந்து கிடந்தார்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. நான் நின்றபடியே நின்றேன்.

* * *

நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறை வாசலில் கூட்டம். இன்ஸ்பெக்டர் சித்ரா ஏணியிலிருந்து இறங்கினார். ஆத்தூர்க்காரர். மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை.

"பின்மண்டையில அடி இருக்கு. ஆனா மூச்சுக்குள்ள தண்ணி போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. உள்ள முழங்காலுக்கு மேல தண்ணி. எனக்கு ஒண்ணும் புரியலை. படகுக்குள்ள யாராவது தண்ணி ஊத்துவாங்களா?"

பக்கத்தில் நின்ற ஏட்டு சங்ககிரிக்காரர்.

"ஊத்துவாங்க மேடம். இங்க டேங்கர் லாரி கட்டுனா அப்படித்தான் பாப்பாங்க. தண்ணிய முழுசா ரொப்பி வெச்சு, எங்க ஒழுகுதுன்னு சுண்ணாம்புல வட்டம் போடுவாங்க."

"அதேதாங்க மேடம்."

சொன்னது அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த என் தம்பி அன்பரசு. முந்தின நாள்தான் சத்தீஸ்கரிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் ரிக் வண்டியோடும் தண்ணி டேங்கரோடும் திரும்பியிருந்தான். கண் சிவந்திருந்தது. ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து சாயங்காலம் மச்சான் எங்கிட்ட போன்ல சொன்னாருக்கா. 'மாப்ள, காத்தால டேங்கர்ல இருந்து தண்ணி உட்டு லீக் பாக்கோணும்'னு. நான் வாரேன்னு சொன்னேன். தூங்கிப் போயிட்டேன். தனியா எறங்கி, வழுக்கி, மண்டைய இடிச்சுட்டாராட்ட இருக்குது. ஓஸ் பாட்டுக்கு ஓடியிருக்குது..."

அவன் தோளில்தான் அழுதுகொண்டிருந்தேன்.

அழுகை நின்றது.

ஏன் நின்றது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அதிர்ச்சி என்று நினைத்திருப்பார்கள்.

சித்ரா கேட்டார். "உள்ள ஒரு சின்னப் பெட்டி மாதிரி இருக்கும்மா. அதோட வயரைப் பிடுங்கி விட்டிருக்கு. அது எதுக்குன்னு தெரியுமா?"

"எனக்கென்னங்க மேடம் தெரியும்," என்றேன்.

தெரியும்.

* * *

இருபத்தைந்து வருடம் ரிக் வண்டி ஓட்டியவர் என் கணவர். ஆந்திரா, கர்நாடகா, சத்தீஸ்கர் என்று ஆயிரம் அடி, ஆயிரத்து ஐந்நூறு அடி துளைத்தவர். ஒரு நாள் சாப்பிட்டுக் கொண்டே என்னிடம் சொன்னார்.

"பூமியத் தொளச்சுத் தொளச்சுத் தண்ணி தேடுனது போதும் மது. சும்மா கெடக்கற தண்ணி மேல கொஞ்ச நாளு உக்காந்திருக்கலாம்."

"எங்கீங்க?"

"கடல்ல."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பாண்டிச்சேரியில் ஒரு வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது விற்ற பழைய பாய்மரப் படகு. டிரெய்லரில் வந்தது. டோல்கேட்டில் இது எந்த வகை வண்டி என்று தெரியாமல் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பாதி சங்ககிரி வந்து பார்த்தது.

உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, மடக்கு மேசை.

"இதைய ஓட்ட எத்தனை ஆளு வேணுமுங்க?" என்றேன்.

"ரெண்டே பேரு. நீயும் நானும். பாரு, பாயை ஏத்தற கயிறு, எறக்கற கயிறு, எல்லாம் உக்காந்த எடத்துக்கே வருது. நீ எந்திரிக்கவே வேண்டாம். கரை கண்ணுக்குத் தெரியற தூரத்துலயே போலாம்."

"எனக்கு டவுன் பஸ்லயே வாந்தி வருதுங்க."

"அதுக்கும் எடம் பாத்து வெச்சிருக்கறேன். இந்தப் பக்கம் எட்டி எடுத்தீன்னா மீனுக்குச் சாப்பாடு."

ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இது பம்ப். உள்ள தண்ணி தேங்குச்சுன்னா யாரும் சொல்லாமயே எந்திரிச்சு எறைச்சு வெளிய ஊத்தீரும். என்னைய விடச் சுறுசுறுப்பு."

கோகுல்ராஜ் பின்பக்கம் தூரிகையோடு நின்றான். "அண்ணா, எல்லா லாரிக்கும் 'ஒலி எழுப்பவும்'னு எழுதித்தான் பழக்கம். இதுக்கு என்னங்க எழுதறது?"

"அதையே எழுது சாமி. மீனு ஒலி எழுப்பட்டும்."

எழுதிவிட்டான். இப்போதும் இருக்கிறது.

அந்த நாட்களில்தான் ஆத்தூரிலிருந்து பாப்பாயி என்ற அம்மாள் பட்டறைக்கு வந்தார். அவர் மகன் காளிதாஸ் எங்கள் ரிக்கில் டிரில்லர். சத்தீஸ்கர் போனவன் பேசவே இல்லை. வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று அன்பரசு போனில் சொல்லியிருந்தான்.

"எம்பையன் ஓடுற பையன் இல்லப்பா," என்றார் பாப்பாயி.

"நான் விசாரிச்சுச் சொல்றேன் சாமி," என்றார் இவர்.

விசாரித்தார். சாவதற்கு முந்தின நாள் முழுக்கப் போனும் கையுமாக இருந்தார். இரவு சாப்பாட்டைத் தொடவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"காத்தால உந்தம்பியப் பாத்துப் பேசிட்டுச் சொல்றேன். அவன் வாயில இருந்தே வரட்டும்."

விடிவதற்குள் பட்டறைக்குக் கிளம்பிப் போனார்.

* * *

சேலம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் மதியம் உடல் வந்தது. மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

நான் அவர் காலருகே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. அன்பரசு எட்டாவது படிக்கும்போதிலிருந்து என் கைச் சோறு. பிறந்த வீடு என்றால் எனக்கு அவன் ஒருவன்தான். நான் வாயைத் திறந்தால் ஒரே சாவில் இரண்டு பேரை இழப்பேன். திறக்காவிட்டால் என் கணவர் வழுக்கி விழுந்த முட்டாளாக எரிவார்.

படகில் எதற்கு இரண்டு படுக்கை என்று இரண்டு பெண்கள் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

"யாரையோ கூட்டிட்டுப் போறதுக்கு வாங்கியிருப்பாரு."

என்னைத்தான். வாந்தி எடுக்கிற என்னைத்தான்...

"பொறந்த ஊட்டுக் கோடி வந்தாச்சா?" யாரோ குரல் கொடுத்தார்கள்.

கூட்டம் விலகியது. தாம்பாளத்தில் புதுப் புடவையோடு அன்பரசு வந்தான். விதவையாகும் பெண்ணுக்குப் பிறந்த வீடு போர்த்த வேண்டிய புடவை. அதை வேறு யாரும் போர்த்த முடியாது.

இன்ஸ்பெக்டர் சித்ரா மாலையோடு பந்தல் ஓரம் நின்றிருந்தார்.

தம்பி குனிந்தான். புடவையைப் பிரித்தான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தம்பி, மச்சான் உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"எப்பக்கா?"

"போன்ல சொன்னாருன்னு நேத்து நீ சொன்னயே, அது."

"தண்ணி ஊத்தி லீக் பாக்கோணும்னாரு. இப்ப எதுக்கு அது?"

"அவரு வாயாலயா?"

"ஆமாக்கா. சத்தியமா."

"கோகுலு, இங்க வா."

பெயிண்டர் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான்.

"போன வாரம் நான் சோறு கொண்டாந்தப்ப, படகுல தண்ணி ரொப்பறதுக்கு ஓஸ் எடுத்துட்டு ஏணியில ஏறுனயே. உங்கண்ணன் என்ன சொன்னாரு? எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"சிரிச்சாருங்க... 'டேங்கர்னா நெனச்ச? வெளிய இருக்கற தண்ணிய உள்ள உடாததுக்குத்தான்டா படகு. உள்ள ஊத்துனா கட்டை, வயரு எல்லாம் கெட்டுப்போயிரும். நான் இருக்கற வரைக்கும் இதுக்குள்ள ஒரு சொம்புத் தண்ணி ஊத்தக்கூடாது'ன்னாருங்க. பட்டறையே சிரிச்சுதுங்க."

"நேத்தே ஏன் சொல்லலை?"

"ஓஸ் எடுத்தது நான்தானேங்க... எம்மேல திரும்பீருமோன்னு..."

"அன்னிக்கு எந்தம்பி எங்க இருந்தான்?"

"சத்தீஸ்கர்லீங்க."

பறை நின்றிருந்தது.

"மேடம்," என்றேன். தம்பியின் கையை விடவில்லை. "அந்தப் பெட்டி, தண்ணி தேங்குனா தானா எறைக்கற பம்ப். எந்தம்பி உள்ள ஊத்த ஊத்த அது வெளிய ஊத்தியிருக்கும். அவனுக்குப் படகு தெரியாது. பம்ப் தெரியும். வயரைப் புடுங்கியிருக்கறான். கைரேகை பாருங்க."

சித்ரா மாலையைக் கீழே வைத்தார்.

"அக்கா..." அன்பரசின் குரல் எட்டாவது படித்த பையனுடையது போல் ஆகியிருந்தது. "மச்சான் போலீஸ்ல சொல்லியே தீருவேன்னாருக்கா."

"என்னத்தைய?"

"காளிதாசு ரிக்குல மாட்டிச் செத்துட்டான். பழுதுன்னு அவன் சொல்லச் சொல்ல நான்தான் ஓட்டச் சொன்னேன். பயத்துல அங்கயே பொதைச்சுட்டு வந்துட்டேன்... 'அவங்கம்மாகிட்ட நீயே சொல்லு, நான் கூட வாரேன்'னாரு. படகு மேல நின்னுதான் பேசிட்டிருந்தோம், எங்கையில ஸ்பேனர் இருந்துச்சுக்கா. ஒரே அடிதான். செத்துட்டாருன்னு நெனச்சுத்தான் உள்ள போட்டுத் தண்ணிய உட்டேன்."

"சாகலை," என்றார் சித்ரா. "மூழ்கித்தான் செத்திருக்காரு."

தம்பிக்கு அது அதுவரை தெரியாது. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் எங்கேயும் வைக்க முடியாமல் வைத்திருக்கிறேன்.

அவனை அழைத்துப் போனார்கள். தாம்பாளம் தரையில் கிடந்தது. கோடி போர்த்த ஆள் இல்லாமலே என் கணவரை எடுத்தார்கள்.

* * *

காளிதாசைத் தோண்டி எடுத்து ஆத்தூருக்குக் கொண்டு வந்தார்கள். நான் போயிருந்தேன். பாப்பாயி என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டார்.

தம்பிக்கு ஆயுள் தண்டனை. கோர்ட் படகை என்னிடம் ஒப்படைத்தது.

சில மாலைகளில் ஏணி வைத்து ஏறுவேன். கயிறுகள் எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வருகின்றன. அவர் சொன்னது சரிதான். எழுந்திருக்கவே வேண்டியதில்லை. எதிர் இருக்கை மட்டும் காலியாக இருக்கும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கிவிடுவேன்.

படகை விற்க விளம்பரம் கொடுத்தேன்.

போன் அடித்தது. தூத்துக்குடிப் புரோக்கர்.

"ரெண்டு பேரு ஓட்டுற மாதிரி போட்டாம்மா?"

"ஆமாங்க. ரெண்டே பேரு போதும்."

"வாங்கி எத்தனை தடவம்மா கடல்ல எறக்குனீங்க?"

"எறக்கவே இல்லீங்க."

"அப்ப எப்படிம்மா நம்புறது? பழைய போட்டு. எங்கயாச்சும் லீக் இருந்துச்சுன்னா?"

பட்டறை ஜன்னல் வழியே படகின் முதுகைப் பார்த்தேன். 'ஒலி எழுப்பவும்.'

"அந்தச் சந்தேகமே வேண்டாமுங்க. எந்தம்பியே தண்ணி ஊத்திப் பாத்துட்டான். ஒரு சொட்டுக்கூட வெளிய வல்லை."