கதவண்டை நின்றவர்கள்

அந்தத் தொப்பிக்காரி முன்பெல்லாம் திரும்பிப் பார்த்ததே இல்லை.

அந்த ரீலை இருதயசாமி போளூர்ப் பக்கமும் ஒடுகத்தூர்ப் பக்கமும் எத்தனையோ ஊரில் ஓட்டியிருக்கிறான். அமெரிக்காவில் ஏதோ ஒரு பட்டணத்தில் ஜனங்கள் அந்தக் காலத்திலிருந்து எப்படியெல்லாம் பொழுதைப் போக்கினார்கள் என்று காட்டுகிற படம். குதிரை வண்டியில் வந்திறங்கும் சர்க்கஸ், காலைத் தூக்கி ஆடும் பெண்கள், ஏரிக்கரையில் சுற்றும் ராட்டினம், கடைசியில் ஒரு பெரிய நாடகக் கொட்டகை. உள்ளே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அவற்றுக்கு அப்பால், தூரத்துச் சுவரில் ஒரு கதவு. அந்தக் கதவோடு ஒட்டிக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கூட்டம். கூட்டத்தின் கடைசியில் இறகு செருகிய தொப்பியோடு ஒருத்தி. அந்த இடத்தில் மட்டும் படத்தில் சத்தம் இருக்காது. எப்போதும் அவள் முதுகுதான் தெரியும். போன வாரம் ஆலங்காயத்தில் ஓட்டியபோது கன்னம் தெரிந்தது.

படம் இங்கிலீஷில் பேசும். மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவனுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்? மைக்கைப் பிடித்து வாய்க்கு வந்ததைச் சொல்வான். கதவண்டை நிற்கிறவர்கள் வந்ததும், "இம்மாம் நாற்காலி கீது, உக்காருங்கன்னு சொல்ல ஆளில்லாம செவுத்தப் பாத்துனு நிக்கிறாங்கோ பாரு" என்பான். எல்லா ஊரிலும் அதற்குச் சிரிப்பு விழும்.

ஆலங்காயத்தில் சர்ச் சாமியார் சின்னப்பராஜுக்கு இங்கிலீஷ் தெரியும்; அவர் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அது தீப்பிடித்த கொட்டகையாம். கதவு உள்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு. பின்னால் இருந்தவர்கள் நெருக்க நெருக்க, முன்னால் இருந்தவர்களால் இழுக்க முடியவில்லை. அத்தனை பேரும் அங்கேயே.

"செத்தவங்களப் பாத்து சிரிக்க வெச்சிருக்கடா" என்றார், கோபம்கூட இல்லாமல்.

இதை அவன் பெண்டாட்டி தெரசம்மாளிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை ஒரு மலையூரில் படம்; அவளும் கூடவே வந்திருந்தாள். ஊருக்கெல்லாம் படம் காட்டுகிறவன் கட்டினவளுக்கு ஒரு நாள் காட்டினானா என்று பஸ்ஸில் வழியெல்லாம் கிண்டல். ஆறு மாத வயிறு. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதில் கை வைத்துக்கொண்டாள். இருதயசாமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

கரடிக்குப் பயந்து ஜனங்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்பதால் மலையில் பகலிலேயே படம். இடம், புளி மூட்டை அடுக்குகிற கிடங்கு. ஜன்னல்களைக் கோணியால் அடைத்திருந்தார்கள். மெஷினைச் சுமந்து வந்த சடையன் வெளியே தாழ்வாரத்தில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டான். உள்ளே புளியின் நெடியும் நனைந்த கம்பளியின் வாடையும் பீடிப் புகையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன; தகரக் கூரையில் மழை சீராக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் மெஷின். முன்னால் வெள்ளைத் துணி. பின்னால், காற்று வரும் என்று கதவை ஒட்டி தெரசம்மாள்.

ஒரே கதவு. உள்ளே வரும்போதே பார்த்திருந்தான். உள்பக்கம் திறக்கிற கதவு.

அந்த இடம் வரும்போது லென்சைக் கையால் மறைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். ராட்டினம் போனது. கொட்டகை வந்தது. சத்தம் நின்றது. கையை வைத்தான்.

கிடங்கு இருண்டது. "இன்னாய்யா கைய வெச்சிக்கினு" என்று யாரோ முனகினார்கள். உள்ளங்கையில் சுடுசோறு அள்ளினாற்போலச் சூடு. லென்சுக்கு அத்தனை பக்கத்தில் உருவம் விழாது, வெறும் வெளிச்சம்தான் விழும். அது அவன் தொழில், அவனுக்குத் தெரியும். ஆனால் உள்ளங்கையின் நடுவில், ரேகைகளுக்கு இடையில், தெளிவாக ஒரு முகம் இருந்தது. தொப்பி போட்ட முகம். முழு முகம்.

கையை உதறி எடுத்துவிட்டான்.

துணியில் நாற்காலிகள். கதவு. முதுகுகள். மைக்கை அவன் தொடவில்லை. முன்வரிசையில் இருந்த செல்லி என்ற பெரிய மனுஷி, அவங்க யாரு, ஏன் நிக்கிறாங்க என்று கேட்டாள். அவன் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து தெரசம்மாள் பதில் சொன்னாள். வீட்டில் அவன் சொல்லிச் சொல்லிச் சிரித்தது அவளுக்கு மனப்பாடம்.

"உக்காருங்கன்னு சொல்ல ஆளில்லயாம். அதான் நிக்கிறாங்கோ."

மற்ற ஊர்களில் சிரித்த இடத்தில் இங்கே யாரும் சிரிக்கவில்லை. கதவண்டை வந்தவரை வா என்று சொல்லாமல் நிற்க வைப்பது அந்த மலையில் எதிரிக்குக்கூடச் செய்யாத காரியம். செல்லி முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"வாங்க. வந்து உக்காருங்க" என்றாள், துணியைப் பார்த்து.

"வாங்க, வாங்க" என்றது கிடங்கு முழுதும், மரியாதையாக.

"கூப்டாதீங்க" என்றான் இருதயசாமி. அது யார் காதிலும் விழவில்லை.

தொப்பிக்காரி திரும்பினாள். அவளுக்குப் பின் மற்றவர்கள். ஒவ்வொருவராகக் கதவை விட்டு விலகி, நாற்காலிகளை நோக்கி நடந்து வந்தார்கள். அவசரமில்லை. பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் பார்த்து.

புளி நெடிக்குள் இன்னொரு நெடி. துணி கருகுகிற நெடி.

வெளியே ஜெனரேட்டர் இருமி நின்றது. சடையன் ஏதோ கத்தினான், மழையில் புரியவில்லை. மெஷின் அணைந்தது. இருட்டு. கதவிடுக்கில் புகை.

யாரோ எழுந்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள். மெஷின் சாய்ந்து உடைந்தது. அவனைத் தாண்டி, அவனை மிதித்து, கூட்டம் கதவுக்குப் போனது.

"பின்னால வாங்க! இழுக்கிற கதவு! பின்னால வாங்க!"

யாரும் வரவில்லை. முதுகுகள். கம்பளிகள். அதற்கு அப்பால், கதவோடு கதவாக, தெரசம்மாளின் குரல். "யோவ், வயிறு... நெருக்குறாங்கய்யா..."

கடைசி முதுகைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. அடுத்ததை இழுத்தான்.

அவன் பிடரியில் வெளிச்சம் விழுந்தது.

மெஷின் உடைந்து கிடந்தது. வெளிச்சம் விழுந்தது.

திரும்பினான்.

துணியில் நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஓரமாக ஒருவன் எழுந்து நின்று, கதவண்டை நெருக்கிக்கொண்டிருந்த மலைக்காரர்களைக் கையால் சுட்டிக் காட்டி, வாயைத் திறந்து திறந்து என்னவோ சொன்னான்.

சத்தமே இல்லாமல், அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கதவண்டை நின்றவர்களில் திரும்பிப் பார்த்தவன் இருதயசாமி ஒருவன்தான்.