செருப்பு கிடந்தால் வெட்டக் கூடாது

கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. கிடந்திருக்கக் கூடாது. கதவடி காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மேஸ்திரி தாவீது வெட்டச் சொன்னான். அவன் சொல்லை நம்பித்தான் ஆதிகேசவன் கேஸ் கட்டரைப் பற்ற வைத்து, கோபுரத்தின் முன்பக்க இரும்பில் ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு வெட்டைப் போட்டு முடித்திருந்தார்.

காற்றாலை என்று படித்தவர்கள் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் காத்தாடிதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் ஓரத்தில், மூடிப்போன ஒரு உருக்காலைக்குப் பின்னால் மூன்று காத்தாடிகள் நின்றன. கயத்தாற்றில் அடிக்கிற காற்று இங்கேயும் அடிக்கும் என்று எந்த மகராசன் கணக்குப் போட்டானோ, தொண்ணூறுகளில் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போய்விட்டான். அவை சுற்றிய நாளைவிடச் சும்மா நின்ற நாளே அதிகம். 2006 ஐப்பசியில் பழவேற்காட்டு வாஹித் பாய் மூன்றையும் பழைய இரும்பாக எடுத்தார். இறக்கைகளையும் உச்சிக் கூண்டுக்குள் இருந்த மோட்டாரையும் முதலிலேயே இறக்கியாகிவிட்டது. மிச்சம் மரம் சாய்க்கிற வேலைதான். உச்சியில் இரும்புக் கயிறு கட்டி, அடியில் விழ வேண்டிய பக்கம் வெட்டி, பிறகு இரண்டு பக்கவாட்டையும் அறுத்து, தூரத்திலிருந்து வின்ச் வைத்து இழுத்தால் அத்தனை உயர இரும்பும் மண்ணில் படுத்துவிடும். இரண்டு படுத்தாயிற்று. இது கடைசி.

உச்சிக்குப் போகும் ஏணி கோபுரத்தின் வயிற்றுக்குள் இருந்தது. படியெல்லாம் பழைய கிரீஸ். செருப்பு சறுக்கும், வெறுங்கால்தான் பிடிக்கும். அதனால் ஏறுகிறவன் செருப்பைக் கதவடியில் விட்டுவிட்டு ஏறுவான். அதுவே இந்தக் கூட்டத்துக்குச் சட்டமாகிவிட்டது. செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான், கட்டரைத் தொடக் கூடாது. செருப்பு இல்லையென்றால் வெட்டலாம். அடுத்தவன் செருப்பை விளையாட்டுக்குக்கூட யாரும் நகர்த்த மாட்டார்கள். தலைக்கவசமும் இடுப்புக் கயிறும் காணாத அந்த வேலையில் இதுவரை ஒரு உயிரும் போகாததற்கு அந்தச் செருப்புகள்தான் காரணம் என்று தாவீது மனதார நம்பினான்.

நீல வாரில் ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு. அவன் தம்பி ஸ்டீபனுடையது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே ஸ்டீபன் பீடி பற்ற வைத்தான். தாவீது எழுந்துபோய் எல்லார் எதிரிலும் பளாரென்று ஓர் அறை விட்டான். அடி பெரிதில்லை, ஆள் கூட்டம்தான் பெரிது. ஸ்டீபன் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். வீட்டுக்குப் போயிருப்பான், ராத்திரி சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று தாவீது விட்டுவிட்டான். அப்பன் செத்த நாளிலிருந்து தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அடித்த கை அப்போதிலிருந்து எரிந்துகொண்டே இருந்தது.

இப்போது புரிந்தது. முன்பக்கம் கட்டர் சீறிக்கொண்டிருந்தபோது, பின்பக்கக் கதவு வழியாக அவன் மேலே போயிருக்கிறான். முறுக்கிக்கொண்டு உச்சிக் கூண்டில் போய்ப் படுத்துவிட்டான். எல்லாம் சரியாகத்தான் பொருந்தியது, ஒன்றைத் தவிர. ஏறுகிறவன் விட்ட செருப்பு கதவைப் பார்த்துக் கிடக்கும். இது வெளியே பார்த்துக் கிடந்தது, உள்ளிருந்து வருகிற யாரோ மாட்டிக்கொள்ளத் தோதாக.

"ஸ்டீபா," என்று கதவுக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டான். அவன் குரலே மேலே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

வாஹித் பாய் வின்ச் பக்கத்திலிருந்து வேகமாக நடந்து வந்தார். வடகிழக்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது.

"இன்னா தாவீது நின்னுட்ட? காத்து எழும்புது பாரு. பாதி வெட்டுனத வுட்டு வெச்சா எந்தப் பக்கம் முறுக்கிக்கினு வுழும்னு யாருக்குத் தெரியும்? அந்தாண்ட ஊடுங்க கீது."

"தம்பி மேல கீறான் பாய்."

பாய் செருப்பைப் பார்த்தார். முகம் மாறியது. "போன் போடலாம்னா அவன் போனு என் வண்டில சார்ஜுல கெடக்கு. யா அல்லா. சீக்கிரம் கூட்டினு வா."

வெட்டுப் போட்ட கோபுரத்துக்குள் ஏறுகிற பைத்தியம் யாருமில்லை. தாவீது தன் செருப்பைக் கழற்றித் தம்பியின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டான். அப்போதுதான் கன்னியம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. எதிர் லைன் வீட்டுக்காரி, இவர்களுக்கு டீ கொண்டுவருகிறவள். காலையில் கேட்டாள், "மூணையும் சாச்சிட்டா அது எங்க போவும் தாவீது?" எது என்று கேட்டதற்கு, "உள்ள ஏறி எறங்கினு இருக்குமே, அது. வெளக்கு வெக்கிற நேரத்துல எங்க ஊடு வரைக்கும் கேக்கும்," என்றாள். பொறா சத்தம்க்கா அது என்று சொல்லிச் சிரித்துவிட்டு டீயைக் குடித்தான்.

உள்ளே காலை வைத்ததும் வெளிச் சத்தமெல்லாம் அறுந்துபோனது. வெட்டின வழியே ஒரு கீற்று வெளிச்சம் வந்து தரையில் கிடந்தது. சூடு ஆறாத இரும்பு டிக் டிக்கென்று சொடுக்கிக்கொண்டிருந்தது. கருகின பெயின்ட் நாற்றமும் பல வருஷத்துக் கிரீஸ் நாற்றமும் புறா எச்சத்தின் புளித்த நெடியும் சேர்ந்து தொண்டையில் உட்கார்ந்தன. ஏணியைப் பிடித்தான். வெளியே காற்று ஒரு தரம் தள்ளியதற்கு, கோபுரம் முழுவதும் கெட்ட கனவு காண்கிற ஆளைப் போல முனகியது. இயேசுவே, பத்து நிமிஷம் நின்றுகொடுக்கச் சொல்லும் என்று வேண்டிக்கொண்டு ஏறினான்.

ஏற ஏற வெளிச்சம் காலுக்கடியில் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு சிவப்புப் பொட்டாகி, பிறகு அவன் உடம்பே அதை மறைத்துவிட்டது. கண்ணைத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றுதான். படியைக் கைதான் தேடிக் கண்டுபிடித்தது. கிரீஸ் விரல் இடுக்கில் பிதுங்கியது. தலைக்கு மேலே எங்கேயோ, அவன் ஒரு படி ஏறினால் ஒரு படி ஏறுகிற சத்தம் கேட்டது. நின்றான். அதுவும் நின்றது. எதிரொலிதான் என்று சொல்லிக்கொண்டான்.

ஏறாமல் காத்திருந்தான்.

மேலே ஒரு படி சத்தம் கேட்டது. இறங்குகிற சத்தம்.

"ஸ்டீபா, கோவத்துக்கு இது நேரமில்லடா. கீழ வெட்டிட்டாங்க. வாடா."

நடு உயரத்தில், ஆள் இளைப்பாற ஓர் இரும்புத் தட்டு உண்டு. கையை நீட்டினான். தட்டின் விளிம்பு கிடைத்தது. அதற்கு மேல் ஒரு பாதம் கிடைத்தது. வெறும்பாதம். சில்லென்று இருந்தது.

அந்தப் பாதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அப்புறம் அழுகை வந்துவிட்டது. அந்த இருட்டில் கையால் தடவியதில், முழங்காலைக் கட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. சின்ன வயதில் கோபித்துக்கொண்டால் ஸ்டீபன் இப்படித்தான் மூலையில் உட்காருவான்.

"தப்புதாண்டா. நாலு பேரு எதிர்ல கை வெச்சது தப்புதான். ஊட்டுக்குப் போயி நீ என்ன அடிச்சுக்கோ. இப்ப எறங்குடா என் சாமி."

அது அசையவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. கோபுரம் மறுபடி முனகியது; இந்த முறை அடியில் எதுவோ பிளக்கிற சத்தமும் சேர்ந்து வந்தது. தாவீது துழாவி அதன் கையைப் பிடித்து இழுத்தான். கை உடனே வந்தது. அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டது.

வந்துவிட்டான். அது போதும். வேறொன்றும் அவனுக்குத் தோன்றவில்லை.

முன்னால் தாவீது இறங்கினான். மேலே அந்தக் கால்கள் வந்தன. வழியெல்லாம் பேசிக்கொண்டே இறங்கினான். பேச்சை நிறுத்தினால் கோபுரம் சாய்ந்துவிடும் என்பது போலப் பேசினான். வர மாசம் உனக்குச் செல்போன் புதுசு, கிறிஸ்டினா வீட்டில் நானே போய்ப் பெண் கேட்டுப் பேசுகிறேன், அவங்கப்பன் ஒத்துக்குவான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். ஒரு தரம் அந்தக் குதிகால் அவன் விரல்மேல் மிதித்தது. கனமே இல்லை. காலையில் நாஷ்டாகூடச் சரியாகத் தின்னாத பிள்ளை, மத்தியானச் சோற்றையும் தள்ளிவிட்டுப் போனவன். அவனுக்குத் துக்கம் பொங்கியது.

வெளியே வந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் மங்கிப்போயிருந்தது. தாவீது குனிந்து தன் செருப்பை மாட்டிக்கொண்டான். பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால் நீல வார்ச் செருப்புக்குள் நுழைந்தது. செருப்பு அதற்காகவே திருப்பி வைத்திருந்த மாதிரி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் நுழைந்தது. கிரீஸும் துருவும் அப்பிய கால்கள். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அடித்துவிட்டு எந்த முகத்தோடு பார்ப்பது. கையை மட்டும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே ஒதுக்குப்புறமாக, கழற்றிப்போட்ட இறக்கைகள் அடுக்கியிருந்த இடத்துக்கு அழைத்துப் போனான்.

தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஆதிகேசவன் கோபுரத்தின் மறுபக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "வந்துட்டானா?"

"வந்துட்டாண்ணே."

ஆதிகேசவன் சுற்றி வந்து கதவடியை ஒரு பார்வை பார்த்தார். செருப்பு இல்லை. அவருக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. கட்டர் மறுபடி சீறியது. நீல வெளிச்சம் தூறலில் தெறித்தது. ஒரு பக்கவாட்டு அறுந்தது. மறுபக்கம் அறுந்தது. அவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு விலகி ஓடினார். தூரத்தில் பாய் கையைத் தூக்கிக் காட்டினார். உத்தரவு மேஸ்திரிதான் கொடுக்க வேண்டும்.

தாவீது கையைத் தூக்கினான். "இழு."

கயிறு மண்ணிலிருந்து எழும்பி விறைத்தது.

அப்போதுதான், பிடித்திருந்த கை இன்னும் சூடேறவில்லை என்பது உறைத்தது. இவ்வளவு நேரம் கைக்குள் வைத்திருக்கிறான். சில்லிப்பு குறையவில்லை. காய்ப்பேறிய கை ஸ்டீபனுடையது, சின்ன வயதிலிருந்து கம்பி வளைத்த கை. இதில் காய்ப்பு இல்லை. ரேகைகூட இல்லை. கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். வழவழவென்றிருந்தது.

மழையில் ஒரு குரல் வந்தது. இரும்புச் சத்தத்துக்கு நடுவே. மேலிருந்து.

"அண்ணா."

தூக்கம் ஒட்டிய குரல்.

தாவீது நிமிர்ந்தான். உச்சிக் கூண்டின் மூடி திறந்திருந்தது. ஸ்டீபன் இடுப்புவரை வெளியே வந்திருந்தான். எங்கே இருக்கிறோம் என்று புரியாத முகம். கூண்டு மெல்ல, மிக மெல்ல, வானத்தில் நகர ஆரம்பித்திருந்தது. ஒரு கையால் விளிம்பைப் பிடித்தான். கயிறு எட்டுமா என்று மறு கையை நீட்டினான்.

"நிறுத்து. பாய், நிறுத்து," என்று தாவீது கத்தினான். வின்ச் நின்றது. இழுக்கிற கயிற்றுக்கு, விழுகிறதைத் தாங்கத் தெரியாது. அடி இரும்பு பளீரென்று கிழிந்தது.

ஓடப் பார்த்தான். கால் ஓடியது. கை வரவில்லை.

அவன் காதுக்குப் பக்கத்தில், ஸ்டீபனின் குரலில், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல் அது பேசியது. "இன்னாண்ணா. நான் இங்கதான கீறேன்."

தாவீது திரும்பவில்லை. திரும்பக் கழுத்து ஒத்துழைக்கவில்லை. தம்பியை மட்டும் பார்த்தான். கூண்டு சாய்ந்து கீழே வந்துகொண்டிருந்தது, முகம் நன்றாகத் தெரிகிற அளவுக்கு. குதித்துவிடலாம் என்று ஸ்டீபன் ஒரு காலை வெளியே போட்டான். அண்ணனைத் தேடிக் கண்கள் அலைந்தன. கண்டுபிடித்தன. பிறகு அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தன.

வெளியே போட்ட காலை அவன் உள்ளே இழுத்துக்கொண்டான். விழுந்துகொண்டிருந்த கூண்டுக்குள் குனிந்து நுழைந்து, மூடியை உள்ளிருந்து சாத்திக்கொண்டான்.