சேர்த்து வைத்த சத்தம்

காசிமேட்டு ஏழாம் அடுக்கில் சண்டைகூடக் கிசுகிசுப்பாகத்தான் நடக்கும். அந்த ஞாயிறு காலையும் கோமளா தன் புருஷன் தேவாவின் காதோரம் வாயை வைத்து, நிறுத்தி நிதானமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். போய் ஸ்பீக்கர் ஒயரைப் பார் என்று விரட்டுகிறாள் போல. எதிர்வீட்டு எஸ்தருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. தேவாவின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

கடல் ஊருக்குள் புகுந்து பாதி நகரத்தை எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சியவர்களை அடுக்கு என்று பேர் வைத்த மாடிக் கட்டடங்களில் ஏற்றி வைத்தார்கள். அட்டை மாதிரிச் சுவர். ஒருத்தர் தும்மினால் பத்து வீடு விழிக்கும். தூக்கம் கெட்டு, புத்தி கெட்டு, ஜனங்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளத் தொடங்கியதும் அரசாங்கம் ஒலிப்படியைக் கொண்டுவந்தது. ரேஷன் அரிசி மாதிரி ரேஷன் சத்தம்! ஒவ்வோர் அடுக்கின் முற்றத்திலும் ஓர் ஒலித்தூண் நின்றது. சத்தம் போடப் போட அதிலுள்ள பச்சை வெளிச்சம் இறங்கும். அடக்கி வாழ்ந்தால் ஏறும். அடியோடு தீர்ந்துபோனால் கூரைமேல் இருக்கும் விழுங்கி எழுந்துகொள்ளும். எதிரலை அனுப்பி எல்லா ஓசையையும் தின்றுவிடும் கருவி அது. அப்புறம் விடியும்வரை, பெற்ற பிள்ளை வீறிட்டாலும் தாயின் காதில் விழாது.

இந்த லட்சணத்தில் அங்கே ராப் எப்படி முளைத்தது என்று கேட்டால், வேறெங்கே முளைக்கும் என்பேன். கூவ முடியாத ஜனங்கள் எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்? முதலில் மொட்டை மாடியில் எஸ்தரும் அவள் கூட்டாளி இம்தியாஸும் மட்டும். அவன் அவள் உள்ளங்கையில் பீட் தட்டுவான். அவள் அவன் காதில் வரிகளைக் கொட்டுவாள். பிறகு நாலு பேர் வந்தார்கள், பிறகு மாடியே நிறைந்தது. வரிசையாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் முதுகில் தட்டித் தட்டிக் கடைசி ஆள்வரை பீட்டைக் கடத்துவார்கள். வரியும் காதுக்குக் காது தாவும். மீன் ஏலக்கூடத்துப் பெண்கள், படகு மெக்கானிக்குகள் என்று அடுக்குக்கு அடுக்கு புதுக் குழுக்கள் கிளம்பின. முதுகுத்தாளம் என்றே அதற்குப் பேர் விழுந்துவிட்டது.

"எஸ்தர ஒரு வாட்டி சத்தமா பாட வைக்கணும்" என்று கிளப்பிவிட்டவள் கோமளாதான். நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். "ஒரு மாசம் வாயப் பொத்திக்குவோம். என்ன, செத்தா போயிருவோம்?" அடுக்கே அவளுக்கு அடங்கியது. மிக்ஸியையும் குக்கரையும் பரணில் ஏற்றினார்கள். பிள்ளைகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தன. பாவம்! தூணில் பச்சை, யாரும் கண்டிராத உயரத்துக்கு ஏறியது.

அந்த ஞாயிறு மாலையில் முற்றம் நிறைந்துவிட்டது. அக்கம்பக்கத்து அடுக்குகளிலிருந்தும் படகில் வந்திருந்தார்கள். மைக் முன்னால் நின்ற எஸ்தர் இம்தியாஸின் காதைத் தேடிப் பிடித்தாள்.

"டேய், என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதுடா. கேவலமா இருந்தா?"

"இருக்கட்டுமே. உன்னுதுதான? பாடு."

அவன் ஸ்பீக்கரைப் போட்டான். முதுகில் மட்டுமே தெரிந்திருந்த பீட் முதல்முறை காதுக்குள் இறங்கியதும் கூட்டம் திடுக்கிட்டு, பிறகு சிரித்தது. சிலர் அழுதார்கள். தூணில் பச்சை இறங்கத் தொடங்கியது. எஸ்தர் மூச்சை இழுத்தாள். அப்போதுதான் தேவா கையை ஆட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடிவந்தான். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் பழக்கதோஷம், காதில்தான் சொன்னான்.

"கோமளாவுக்குக் காலையிலேர்ந்தே வலியாம் எஸ்தரு. துணியக் கடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கா. நான் பாக்கக் கூடாதுன்னுதான் திட்டித் தொரத்தியிருக்கா. படகக் கூப்புட்டா மோட்டாரு பச்சையத் தின்னுரும்னு ஆசுபத்திரிக்கும் போவல. இப்ப புள்ள வர்ற நேரம், மூச்சப் புடிச்சுக்கிட்டு முக்கவே மாட்டேங்குறா. கத்துனா உன் பாட்டு போயிருமாம். மருத்துவச்சி பயப்படுதும்மா!"

எஸ்தர் தூணைப் பார்த்தாள். பாதிக்குமேல் பச்சை இருந்தது. ஊரே ஒரு மாதம் தொண்டைக்குள் அடக்கி வைத்த சத்தம். இனி எப்போது வாய்க்குமோ! இம்தியாஸைப் பார்த்துக் கையை வெட்டினாள். பீட் நின்றது. மூன்றாம் மாடியில் கோமளாவின் ஜன்னலைப் பார்த்து மைக்கில் வாயை வைத்தாள்.

"அக்கா! எனக்குப் பாட்டு வேணாம்! வாயத் தொறந்து கத்து! மிச்சம் இருக்கறது பூரா உனக்குத்தான்!"

மேலிருந்து ஓர் அலறல் கிளம்பியது. அப்படியொரு சத்தத்தை அங்கே யாரும் கேட்டதில்லை. பச்சை சரசரவென்று இறங்கியது. யார் தொடங்கினார்களோ தெரியாது, முன்னால் நின்றவர் முதுகில் கை விழுந்தது. அந்தத் தாளம் வரிசை வரிசையாகப் பரவி, முற்றம் முழுக்கச் சத்தமில்லாமல் கோமளாவுக்காகத் துடித்தது. அவள் மறுபடி அலறினாள். மறுபடியும். பச்சை நகக்கண் அளவுக்கு வந்தபோது குழந்தை அழுதது. எல்லோருக்கும் கேட்டது.

எஸ்தர் படியேறிப் போனாள். கோமளா வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் ஒரு பெண் குழந்தை.

"எல்லாரும் சேத்தத நான் ஒருத்தியே தின்னுட்டேன்டி" என்று கிசுகிசுத்தாள்.

"போக்கா. என் குரல் எப்படி இருந்துச்சு, அத மட்டும் சொல்லு. கீழ எவனுக்கும் ஞாபகம் இல்ல. உன் ஜன்னலத்தான் பாத்துட்டு நின்னுருக்கானுங்க."

"கரகரன்னு. நடுவுல கொஞ்சம் ஒடஞ்சு." கோமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மருத்துவச்சி சொன்னது ஒண்ணும் ஏறலடி. அந்தக் குரலப் புடிச்சுக்கிட்டுத்தான் இவளப் பெத்தேன்."

எஸ்தர் அழுதாள். பழக்கம், சத்தமே வரவில்லை. முகத்தை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே ஜனங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கலைந்து போனார்கள். பக்கத்து அடுக்குக்காரர்கள் துடுப்புப் போடாமல், கயிற்றைப் பிடித்தே படகை நகர்த்தினார்கள். தூணில் அந்த நகக்கண் பச்சை அப்படியே இருந்தது.

குழந்தை முகத்தைச் சுளித்தது. தேவாவின் உள்ளங்கை தன்னால் அதன் வாயருகே போனது. கோமளா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அழட்டும்" என்றாள், வாய்விட்டே.